வாள்சண்டைப் பாட்டும் என் மைக்செட்டும்

மைக்செட் தொழிலில் கரண்ட் அடித்து விழுந்தவனைவிடப் பாட்டு மாற்றிப் போட்டு உதை வாங்கியவன்தான் அதிகம். ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கல்யாண வீடு

அறுபதுகளின் தொடக்கத்தில் சாத்தூரில் மைக்செட் கடை வைத்திருந்தேன். அப்போது வந்த ஒரு படத்தின் வாள்சண்டைப் பாட்டைக் கேட்காத வீடில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்தில் அந்த ரிக்கார்டைப் போட்டதும், பதினைந்து பதினாறு வயசுப் பையன்கள் பந்தல் கம்பைப் பிடுங்கிச் சுழற்ற ஆரம்பித்தார்கள். முதலில் விளையாட்டு. பிறகு எவன் கதாநாயகன் என்று சண்டை. மாப்பிள்ளையின் தம்பிக்கு மண்டை உடைந்தது. பெண்ணைப் பெற்றவர் வேர்த்து விறுவிறுத்து என்னிடம் வந்தார்.

“தம்பி, அடுத்து ஒரு சாமி பாட்டாப் போடுங்க. கையில ஆயுதம் இல்லாத சாமியாப் பாத்துப் போடுங்க.”

ஆயுத பூஜை

சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பையன்கள் கேட்டார்கள் என்று அதே பாட்டைப் போட்டேன். கருப்பசாமி என்ற பதினாறு வயசுப் பையனும் அவன் கூட்டாளியும், பூஜைக்கு வைத்திருந்த இரும்புக் கம்பியை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். இரும்பும் இரும்பும் மோதும் சத்தம் குழாயையும் மீறிக் கேட்டது. அவர்கள் நின்ற இடத்துக்கு எதிரே வெடிமருந்து ரூம். வாசலில் கலந்த மருந்து காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பொறி போதும்.

ரிக்கார்டிலிருந்து ஊசியைத் தூக்கி நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. போர்மேன் சத்தம் போடவில்லை; ஓடவுமில்லை. மெல்ல நடந்துபோய், “குடுப்பா” என்று இருவர் கையிலிருந்தும் கம்பியை வாங்கினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கம்பிகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

“பாட்டு நல்லாத்தான் இருக்கு. இங்கன போடாதீக.”

இருக்கன்குடி

அந்த ரிக்கார்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். அடுத்த வருஷம் இருக்கன்குடி அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் காலையிலிருந்து அம்மன் பாட்டு மட்டும்தான். உச்சி வெயிலில், மாட்டுவண்டி அவிழ்த்து நிறுத்தும் இடத்துக்காக இரண்டு ஊர்க்காரர்களுக்குள் தகராறு. பழைய வரப்புச் சண்டையும் சேர்ந்துகொண்டது. தோளில் கத்திக்குத்து வாங்கி விழுந்தவன் அதே கருப்பசாமி. குத்தியவனுக்கும் அவன் வயசுதான்.

ஏட்டையா நோட்டுடன் வந்து என்ன பாட்டு ஓடியது என்று கேட்டார். அம்மன் பாட்டு என்றேன். எழுதியவர், சற்று யோசித்து அதை அடித்தார்.

“அத எழுத முடியாதுலே. சினிமாப் பாட்டுன்னே போட்டுக்கிடுதேன்.”

கடை வாசல்

நான்காம் நாள் கருப்பசாமியின் அம்மா கடைக்கு வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை பார்ப்பவள். ஆஸ்பத்திரியில் மகன் யாரோடும் பேசாமல் சுவரையே பார்க்கிறான் என்றாள். அவன் தோள் காயம் ஆறி, ஒரு வம்புக்கும் போகாமல் வேலைக்குத் திரும்பியது பிற்பாடுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் இருவர் மனசிலும் ஓடியது ஒன்றுதான்: படுக்கையை விட்டு எழுந்ததும் அவன் எங்கே போவான்?

“பாட்டாலதான் இம்புட்டும்னு ஸ்டேசன்ல சொன்னாக. அப்ப பாட்ட நிப்பாட்டிட்டா எம்பிள்ள பதிலுக்கு வெட்டப் போகமாட்டான்ல, அண்ணாச்சி?”

அதற்குப் பிறகும் பல வருஷம் அதே தொழில்தான். எந்தப் பாட்டு எவன் கையைத் துறுதுறுக்க வைக்கும் என்று கடைசிவரை பிடிபடாததால், எந்த ஊருக்குப் போனாலும் குழாய் கட்ட மரம் தேடுமுன் ஓடுவதற்கு வழி பார்த்து வைத்துக்கொண்டேன்.