வரையாடு பார்க்கப் போன மழைக்கோட்டு

புது மழைக்கோட்டைப் பிரித்து உதறும்போது ஒரு சத்தம் வரும்... சரசரவென்று. கூடவே மூக்கில் ஏறும் ஒரு பிளாஸ்டிக் வாசனை. அப்போது எனக்கு அதுதான் லாபத்தின் வாசனை.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் பத்துக்குப் பத்துக் கடை. பை, தார்ப்பாய், மழைக்கோட்டு. வருகிறவர்கள் கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிக் காதருகே கொண்டுபோவார்கள். சத்தம் நன்றாக வந்தால் புதுச் சரக்கு. மெத்தென்று இருந்தால், "பழசத் தள்ளிவிடப் பாக்கீரா வே?" என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் நானும் பார்த்துப் பார்த்துச் சத்தம் போடுகிற சரக்காகத்தான் எடுத்து வருவேன்.

அந்த நாளில்தான் என் மச்சினன் ஜெபராஜ், வீட்டுக்காரியின் தம்பி, கடையில் வந்து நின்றான்.

"அத்தான், மலையில வரையாடு கணக்கெடுக்கப் போறாவளாம். என் பேரும் உங்க பேரும் குடுத்துட்டேன்."

"யார்ட்ட கேட்டுலே என் பேரக் குடுத்த?"

"அக்காட்ட."

அப்புறமென்ன, பையைக் கட்ட வேண்டியதுதான்.

மணிமுத்தாறு அணைக்கு மேலே காடும் முடிந்து, தேயிலையும் முடிந்து, வெறும் புல்லும் பாறையுமாக ஒரு உச்சி உண்டு. அங்கே மேய்கிற காட்டு ஆடுதான் வரையாடு. ஒரு காலத்தில் துரைமார் துப்பாக்கியோடு தேடிப் போவார்களாம். இப்போது சுடுகிற பேச்சே கிடையாது, எண்ணுகிறதோடு சரி. ஜெபராஜ் அதற்கு முன் இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் மேகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கியவன். இந்தத் தடவை விட்டால் இல்லை. சவூதி வேலைக்கு விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் விமானம்.

"அங்க மணலத்தான் பாக்கணும் அத்தான். போறதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணப் பாத்துட்டாப் போதும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும்...

கடைக்காரன் மலை ஏறினால் கடையும் கூட ஏறும். நானே தைக்கக் கொடுத்து வாங்கிய கித்தான் பை இரண்டு. உள்ளே தார்ப்பாய், புது மழைக்கோட்டு, நைலான் கயிறு, டார்ச், ஸ்டவ், அலுமினியச் சட்டி, அவல், கருப்பட்டி. காலில் ஏறுகிற அட்டைக்கு உப்பும் மூக்குப்பொடியும். வீட்டுக்காரி ஒரு தகர டப்பா நிறைய முறுக்கை அடைத்துக் கொடுத்துவிட்டு, "ஆடு பாக்கப் போறியளா, கல்யாண வீட்டுக்குப் போறியளா?" என்று கேலியும் செய்தாள். ஜெபராஜ் கொண்டுவந்தது இரவல் வாங்கிய ஒரு பைனாகுலர். அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.

கூட வந்தவர் வனத்துறை வாட்சர் சுடலை. என் மழைக்கோட்டைத் தொட்டார். கசக்கினார். காதில் வைத்தார்!

"நல்ல சரக்கா இருக்கே அண்ணாச்சி. நமக்கு ஒண்ணு கிடைக்குமா?"

கூடுதலாக வைத்திருந்ததை எடுத்து நீட்டினேன். மூன்று பேரும் நீல நிறத்தில், மொடமொடவென்று ஏறினோம்.

மத்தியானத்துக்கு மேல் உச்சி. சாரல். எதிர்ச்சரிவில் மேகம் கொஞ்சம் விலகியது. "அங்கன..." என்று சுடலை பைய கையை நீட்டினார். சரக்.

"எங்கன?" என்று நான் திரும்பினேன். சரசர.

ஜெபராஜ் பைனாகுலரைத் தூக்க முழங்கையை மடக்கினான். சரசரசர...

எதிரே விசில் அடித்த மாதிரி ஒரு ஒலி. கூட்டத்தை உஷார்ப்படுத்த ஆடு போடுகிற சத்தமாம் அது. கல் உருண்டது. அவன் கண்ணில் பைனாகுலரை வைத்தபோது புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"பாத்தியளா அத்தான்?"

"வால் மாதிரி என்னமோ..."

"நான் அதக்கூடப் பாக்கல."

சாயங்காலம் முகாமில் அவன் முறுக்கைத் தொடவில்லை. "கோவமாலே?" என்றேன்.

"கோட்டு மேல கோவப்பட்டு என்ன செய்ய? நல்ல சரக்கு அத்தான். மலைக்கே கேக்குது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையிலும் அதே சாரல். இறங்குவதற்குள் கிடைத்த கடைசி வேளை. உச்சிக்குப் போனதும் நான் கோட்டைக் கழற்றிச் சுருட்டி ஒரு பாறைக்கு அடியில் திணித்தேன்.

"காய்ச்சல் வந்துரும் அண்ணாச்சி," என்றார் சுடலை.

"வரட்டும் வே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டுக் கழற்றினார்கள். நனைந்த புல்லில் உட்கார்ந்தோம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, பல் தந்தியடித்தது. மேகம் அசையவே இல்லை. கடைசியில் சுடலை வானத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். ஜெபராஜும் எழுந்தான்.

"போலாம் அத்தான். குடுத்துவச்சது அவ்வளவுதான்."

அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். "உக்காருலே. கடைய அடைக்கப் போற நேரத்துலதான் ஆளு வரும்."

வந்தது.

மேகம் திரை மாதிரி ஒதுங்க, கல்லெறி தூரத்தில் பெரிய கிடா ஒன்று. கருத்த உடம்பு. முதுகில் மட்டும் சாம்பலைப் பூசின மாதிரி வெளுப்பு. பின்னால் நாலைந்து பெட்டை, ஒரு குட்டி. கிடா உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தண்ணீர் தெறித்தது. நாங்கள் யாரும் அசையவில்லை... எங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பைனாகுலர் ஜெபராஜின் நெஞ்சிலேயே தொங்கியது. அதைத் தொடக்கூட இல்லை. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் ஐஸ். "அத்தான்..." என்றான். அவ்வளவுதான்.

ஊர் திரும்பினதும் எனக்குத்தான் காய்ச்சல். கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய்த்தான் அவனை வழியனுப்பினேன்.

இப்போது கடை பெரிசாகிவிட்டது. காதில் வைத்துப் பார்க்கிற ஆள் யாரும் வருவதில்லை. போனில் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் பழக்கம் விடவில்லை. சாம்பிள் கொண்டுவருகிற பையன்கள், இந்த அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று என்னைப் பார்ப்பார்கள்.

போன வாரம் ஜெபராஜ் பேசினான். இன்னும் அங்கேதான் இருக்கிறான், தலை நரைத்துவிட்டது.

"இந்த லீவுக்கு மலைக்கு ஒரு நட போவமா அத்தான்?"

"முழங்கால் இருக்க இருப்புக்கு மலை ஏறணுமாலே?"

சொல்லிவிட்டேனே தவிர... மறுநாள் வந்த புதுச் சரக்கில் இரண்டை உருவிக் காதில் வைத்துக் கசக்கிப் பார்த்தேன். சத்தமே இல்லை. இரண்டையும் கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால், விற்கிறதுக்கு இல்லை என்று கடைப் பையனைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.