மத்மசேல் கைவிட்ட கணக்கு

கறுப்புத் தாளில் சுற்றிப் பாரீசிலிருந்து கப்பலில் வந்த கண்ணாடித் தகடுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பலூனில் வெகு உயரத்துக்கு அனுப்பி இறக்கியவை அவை. விண்ணிலிருந்து பாயும் துகள் ஒன்று தகட்டின் ஒளிப்படப் பூச்சிலுள்ள அணுக்கருவில் மோதினால், சிதறிய துண்டுகளின் தடம் மெல்லிய கோடுகளாக அதில் பதிந்துவிடும். புதுச்சேரியில் நானும் மத்மசேலும் விரிவுரையாளர்களாக இருந்த கல்லூரியில், அக்கோடுகளின் கோணங்களை நுண்ணோக்கியில் அளந்தவர் அவர். மணமாகாத ஆசிரியையை ஊரில் அப்படித்தான் அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அந்த அழைப்பு போகவில்லை.

அவருடைய டாக்டர் பட்ட ஆய்வு ஓர் அனுமானத்தின் மேல் நின்றது. மோதும் துகள்கள் ஒரு கணம் ஒரே பிண்டமாகி, வந்த திசையையே மறந்து, பிறகு எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும் என்பது அது. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு சிதறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பாரீசிலிருந்து அவர் ஆய்வை வழிநடத்திய பேராசிரியரும் ஒப்புக்கொண்டுவிட்டார். தகடுகளோடு சரிபார்ப்பது மட்டுமே பாக்கி.

சரிபார்த்தபோது, வேகம் மிகுந்த மோதல்களில் கோடுகள் துகள் வந்த திசையை ஒட்டியே முன்னும் பின்னுமாகக் குவிந்தன. பக்கவாட்டில் அநேகமாக ஒன்றுமில்லை. தம் கண்ணைத்தான் அவர் முதலில் சந்தேகித்தார். தாம் கண்ட அளவுகளைச் சொல்லாமல் என்னையும் அளக்கச் சொன்னார்.

"உங்களுக்கும் இப்படித்தான் வருதா சார்?"

"அப்படியேதான் வருதுங்க."

பேனாவை மூடிவிட்டு வெளியே போய்விட்டார்.

துறைத்தலைவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: "மெதுவா மோதுனதெல்லாம் ஒத்துத்தானே போவுது? அத மட்டும் எழுதிக் குடுத்துடும்மா. பட்டம் கைக்கு வர்ற நேரத்துல எதுக்கு வம்பு?"

"வேகமா மோதுறதப் பத்தித்தானே சார் என் ஆராய்ச்சியே. அங்கதான் தப்பாப் போவுது."

பாரீசுக்கு அனுப்பியிருந்த ஆய்வேட்டை மத்மசேலே திரும்பப் பெற்றுக்கொண்டார். அளந்தது என்ன, அனுமானம் எங்கே பொய்த்தது என்பதை மட்டும் சிறு கட்டுரையாக எழுதி அனுப்பினார். உதவித்தொகை நின்றது. தகடுகளும் வந்த வழியே போயின. கடைசிவரை விரிவுரையாளராகவே இருந்து ஓய்வு பெற்றார்.

துண்டுகள் முன்னும் பின்னுமாகத்தான் பாயும் என்பதை இன்று வகுப்பில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பல ஆண்டுகள் கழித்து நெல்லித்தோப்பில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, என் அளவும் அப்படியே வந்த அன்று மனசு வலிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வலிக்காம இருக்குமா சார்? அழுதுகிட்டேதான் கடற்கரைக்குப் போனேன். நடக்க நடக்க, வந்த திசைய அந்தத் துகளுங்க ஏன் மறக்கமாட்டேங்குதுன்னு யோசனை வந்துடுச்சி. திரும்பி வர்றப்ப சந்தோஷமா இருந்துச்சி. அத உங்ககிட்ட சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சி."