காதர் பாயும் பூந்தமல்லி ஆஸ்பத்திரி டைனமோவும்

காதர் பாய் போய்ட்டாராம்.

காலைல அவர் பேத்தி போன் பண்ணி சொன்னா. மத்தியானமே பூந்தமல்லியில அடக்கம். மாடிப்படி இறங்கி கார்ல ஏற என் முழங்கால் ஒத்துக்கல... அதான் இங்க எழுதறேன். ஒத்தை விரல் டைப்பிங், தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்குத் தொண்ணூறு தாண்டிப் பல வருஷமாச்சு. பாய் என்னைவிடப் பெரியவர். வெள்ளைக்காரன் ஆட்சி, யுத்தம் வேற நடந்துகிட்டிருந்த நேரம். பூந்தமல்லி பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரியில நான் நர்ஸ். கரண்ட் போனா ஓட்டறதுக்கு வச்சிருந்த ஜெனரேட்டரைப் பாத்துக்கிறது அவர் வேலை.

ஆள் ஆறடி. ஆனா காலரா ஊசி போடற அன்னிக்கு எங்கயாவது ஒளிஞ்சிருப்பார். ஒரு தடவை துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாடி இருந்து புடிச்சு இழுத்துட்டு வந்தோம். "வாணாம் தங்கச்சி, எனக்கு காலரா வந்தா வந்துட்டுப் போவட்டும்"னு கத்தினார்!

அந்த ஜெனரேட்டர் இப்ப இருக்கற மாதிரி ஒரே பெட்டி கிடையாது. இன்ஜின் தனி, கரண்ட் தயாரிக்கிற டைனமோ தனி, நடுவுல ஒரு பெல்ட். இன்ஜின் ஓடினா பெல்ட் டைனமோவைச் சுத்த வைக்கும், லைட் எரியும். அவ்வளவுதான்.

யுத்தத்துல எதுவும் கிடைக்காது. பெல்ட் அறுந்தா வேற பெல்ட் கிடையாது. அதனால வாராவாரம் டெஸ்ட் பண்ணும்போது பாய் பெல்ட்டைக் கழட்டி வச்சுட்டு இன்ஜினை மட்டும் ஓட்டுவார். ஆயில் மாத்துவார், டீசலை வடிகட்டுவார். இன்ஜின் ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆகும். நாங்க எல்லாரும் மெச்சுவோம். பல மாசமா கரண்டும் போகல.

அப்புறம் அந்த மழை நாள்...

பாரிவாக்கத்துல இருந்து மாட்டு வண்டியில ஒரு பிரசவ கேஸ் வந்தது. குழந்தை குறுக்க கிடக்கு, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. சாயந்தரம் கூட ஆகல, ஆனா வானம் கறுத்துப் போயிருந்தது. தியேட்டருக்குக் கொண்டு போறோம், காத்துல எங்கயோ லைன் அறுந்து கரண்ட் போச்சு.

பாய் ஓடினார். பெல்ட் மாட்டினார். இன்ஜின் வழக்கம் போல ஒரே சுத்துல ஸ்டார்ட்.

லைட் வரல.

மயக்கத்துக்கு ஈதர்தான் இருந்தது. நெருப்பு பட்டா குப்புனு பிடிச்சுக்கும். அரிக்கேன் விளக்கை உள்ள கொண்டு போகவே முடியாது. இருந்த ஒரே டார்ச்ல செல் பாதி உயிர்.

"லைட் எங்கேன்னு பாயைக் கேளும்மா போய்"னு டாக்டரம்மா என்னை விரட்டினாங்க.

ஷெட்டுக்குப் போனேன். பாய் ஒயரை எல்லாம் அவுத்து மாட்டறார், டைனமோவைத் துடைக்கறார், மறுபடி ஓட்டறார்.

"எல்லாம் சரியாத்தான் கீது தங்கச்சி... இன்னா ஆச்சுன்னே தெரியல." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

வராண்டாவுல அந்தம்மா புருஷன். விவசாயி, தலையில ஈரத் துண்டு. இன்ஜின் சத்தம் கேட்டு அவர் முகத்துல ஒரு தெம்பு வந்திருந்தது. "மிசின் ஓடுதே நர்ஸம்மா, இனிமே பயமில்லையே?"

நான் தியேட்டருக்குள்ள ஓடினேன்.

டாக்டரம்மா மேஜையை ஜன்னலோரமா நகர்த்தச் சொன்னாங்க. நான் டார்ச் புடிச்சேன். குழந்தையை எடுத்துட்டோம், பெண் குழந்தை, நல்லா அழுதது. ஆனா தாய்க்கு ரத்தம் நிக்கல. எங்கேருந்து வருதுன்னு தெரியல. "கிட்டக் காட்டு, கிட்டக் காட்டு"னாங்க டாக்டரம்மா. காட்டறதுக்கு டார்ச்ல வெளிச்சமே இல்ல.

அந்தம்மா போய்ட்டாங்க.

வெளிய இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோணல.

ரெண்டொரு நாள் கழிச்சு ஆவடி மிலிட்டரி கேம்ப்ல இருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு லாரி பேட்டரியில இருந்து ரெண்டு ஒயரை எடுத்து டைனமோவுல ஒரு நொடி தொட்டார். பல்ப் எரிஞ்சது.

"ரொம்ப நாள் சுத்தாம கிடந்தா உள்ள இருக்கற காந்தம் செத்துப் போகும். பேட்டரி கரண்ட் தொட்டா திரும்ப உயிர் வரும். அவ்ளோதான்"னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போய்ட்டார்.

பாய் தரையில உக்காந்துட்டார். "பெல்ட்டு தேயுமேன்னுதானே தங்கச்சி கழட்டி வச்சேன்... பெல்ட்டு தேயுமேன்னுதானே..."

யாரும் அவரைத் திட்டல. டாக்டரம்மாகூடத் திட்டல. திட்டியிருந்தா அவருக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்குமோ என்னவோ.

அதுக்கப்புறம் பெல்ட் மாட்டித்தான் ஓட்டினார். தேஞ்ச இடத்தைத் தோல் வாரால தச்சுத் தச்சு ஓட்டினார். பல்ப் எரியற வரைக்கும் மூச்சு விடாம அதையே பாப்பார்.

சில மாசம் கழிச்சு அந்த விவசாயி குழந்தைக்குக் காய்ச்சல்னு தூக்கிட்டு வந்தார். அன்னிக்கு டெஸ்ட் நாள் இல்ல. ஆனாலும் பாய் ஷெட்டுக்குள்ள போய் இன்ஜினை ஓடவிட்டு, அவங்க போற வரைக்கும் அந்தச் சத்தத்துலயே நின்னார். நான் போய்க் கூப்பிடல.

கல்யாணமாகி நான் அம்பத்தூர் வந்துட்டேன். எத்தனையோ வருஷம் தொடர்பே இல்ல. போன வருஷம் அவர் பேத்திதான் எப்படியோ என்னைத் தேடிப் பிடிச்சு வீடியோ கால் போட்டா. ஸ்கிரீன்ல பாய்... ஒரு பிடி எலும்பா, பல்லில்லாம.

சௌக்கியமான்னுகூடக் கேக்கல.

"தங்கச்சி, அந்தம்மா பேரு இன்னா? அந்தம்மா புருசனை அப்பவே கேக்கணும்னு இருந்தேன், தைரியம் வரல. தொழுகையில சொல்றதுக்குப் பேரு தெரியல."

யோசிச்சேன். தியேட்டருக்குக் கொண்டு போறப்ப அந்தம்மா என் கையைப் புடிச்சது ஞாபகம் இருக்கு, வளையல் கலர் ஞாபகம் இருக்கு... பேர் வரல. "ஞாபகம் வந்ததும் போன் பண்றேன் பாய்"னேன். "பண்ணு தங்கச்சி, நான் எங்கேயும் போவல"ன்னார்.

இதை எழுதும்போதும் யோசிச்சுப் பாத்துட்டேன் பாய்.

வரல...