மகால் பார்க்கப் போன டெல்பின்

டெல்பினுக்குத் திரேஸ்புரத்தை ஒட்டிய ஓர் இறால் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க ஐஸ் தண்ணீருக்குள் கையை விட்டு, குனிந்த தலை நிமிராமல் இறாலுக்குத் தோல் உரிக்க வேண்டும். வெளியே வந்துவிட்டால் அவள் பார்வை மேலேதான். பனிமய மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட விதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். கிரேட் காட்டன் ரோட்டில் பழைய வீட்டு மாடி ஜன்னல் ஒன்று கண்ணில் பட்டால் நடுரோட்டிலேயே நின்றுவிடுவாள். ஆட்டோக்காரர்கள் ஏசிவிட்டுப் போவார்கள்.

இந்த நாற்பத்தெட்டு வயதுவரை அவள் வெளியூர் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும்தான். திருமலை நாயக்கர் மகாலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. கூட வேலை பார்க்கும் ஜெஸ்லினையும் வடிவம்மாளையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தாள். சனிக்கிழமை மதுரைக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று முடிவாயிற்று.

மகன் டெரன்ஸுக்கு இது பிடிக்கவில்லை.

"கோயிலுக்குன்னா போங்க. கட்டடம் பாக்கவா பொம்பளைய எல்லாரும் கெளம்புவிய? அப்பாட்ட கேட்டியளா?"

அவன் அப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறவர்.

"உங்கப்பா சிங்கப்பூர், துபாய்னு எத்தனை ஊர்ல எறங்கிப் பாத்திருப்பாரு. ஒரு தடவ எங்கிட்ட கேட்டுட்டா எறங்குனாரு?" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள் டெல்பின்.

மதுரையில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ரூம் கேட்டார்கள். மேனேஜர் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா? லேடீஸ் மட்டும்னா ரூம் தர்றதில்ல."

"ஏளா, வா, வேற எங்கயாவது பாப்போம்" என்று டெல்பினின் சேலையைப் பிடித்து இழுத்தாள் ஜெஸ்லின். டெல்பின் அசையவில்லை. மூன்று பேருடைய ஆதார் அட்டைகளையும் வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"தரமாட்டம்னு ஒரு தாள்ல எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுத் தாங்க. நாங்க போயிருதோம்."

அவர் எழுதவில்லை. அவள் அங்கிருந்த சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டாள். பெட்டிகளோடு வந்து நின்ற ஒரு குடும்பம் என்ன விஷயம் என்று விசாரிக்கத் தொடங்கியதும் சாவி மேசைக்கு வந்தது.

மகாலுக்குள் நுழைந்ததும் டெல்பின் தலையை நிமிர்த்தினாள். சுற்றிலும் பருத்த வெள்ளைத் தூண்கள். அவற்றின் தலைமேல் அடுக்கடுக்காக வளைவுகள், வளைவுகளில் சுதைச் சிற்பங்கள். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தாள். மூவரும் கைகோத்து ஒரு தூணைக் கட்டிப் பார்த்தார்கள். கை எட்டவில்லை. "காவக்காரன் ஏசப்போறான்" என்று பயந்துகொண்டே வடிவம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

மறுநாள் மற்ற இருவரும் சேலை எடுக்கக் கடைக்குக் கிளம்பினார்கள். டெல்பின் மறுபடி மகாலுக்கே நடந்தாள்.

"நேத்துதானளா பாத்தோம்?" என்றாள் ஜெஸ்லின்.

"நேத்து பாத்தது காணாது. இன்னும் பாக்கணும்."

திங்கட்கிழமை காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு இசபெல்லா கேட்டாள்: "வேளாங்கண்ணில கூட்டமாக்கா? எனக்கு மாதா எண்ணெய் கொண்டாந்தியளா?"

டெல்பினுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பல் துலக்கிக்கொண்டு வாசலில் நின்ற டெரன்ஸ், ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். ஊருக்கு அவன் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறான்.

"நான் வேளாங்கண்ணிக்குப் போவல," என்றாள் டெல்பின், தெருவுக்கே கேட்கும்படி. "மதுரைக்குப் போனேன். மகால் பாக்க."

"அங்கன என்னக்கா நேர்ச்ச?"

"ஒரு நேர்ச்சையும் இல்ல. பாக்கணும்னு ஆச. போய்ப் பாத்துட்டு வந்தேன்."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெல்பின் சிரித்தவள் பக்கம் திரும்பவே இல்லை. செல்போனில் மகால் படத்தைத் திறந்து இசபெல்லாவிடம் நீட்டினாள். ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கியவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "ஆத்தீ, இம்புட்டு ஒசரமா!"

வீட்டுக்குள் டெரன்ஸ் சீறினான். "மானத்த வாங்கிட்டிய."

"மாதா பேரச் சொல்லிப் பொய் சொன்னது நீ. மானம் போச்சுன்னா அது உன்னோடது."

பூட்ஸையும் தலைத்தொப்பியையும் பையில் போட்டுக்கொண்டு அவள் கம்பெனிக்குக் கிளம்பினாள். அந்த வாரம் முழுவதும் அவன் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. சோறு வைத்தாள், சாப்பிட்டான். சனிக்கிழமை வந்த இசபெல்லா, குரலைத் தாழ்த்தி, அடுத்து எந்த ஊர் என்று கேட்டாள்.

"மெதுவா என்னத்துக்குளா கேக்க? சத்தமாவே கேளு" என்றாள் டெல்பின்.