மலைப்பாதை உடைந்த அன்று வந்த கல்யாண வண்டி

என் வீட்டுக்காரருக்கு மூச்சு விட முடியவில்லை. முன்னால் ரோடு இல்லை. பின்னால் வரிசையாக வண்டிகள். போனில் டவர் இல்லை. போன கார்த்திகைக் கடைசியில், கல்வராயன் மலைப்பாதையில், குளிரில் நடுங்கிக்கொண்டு நான் நின்ற நிலை இதுதான். அங்கிருந்து மாரியம்மா எங்களை எப்படி இறக்கிக் கொண்டுவந்தாள் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் வந்திருக்கிறேன். எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் அஞ்சலை. வடக்கனந்தல். என் வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போவோம். மரவள்ளி பிடுங்குகிற பருவத்தில் முருகேசன் என்பவருடைய மினி லாரியில் மலைக்கு ஏறி, கிழங்கு பிடுங்கி, லோடு ஏற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம்.

என் வீட்டுக்காரருக்கு இளைப்பு உண்டு. குளிர் பட்டால் நெஞ்சு கட்டிக்கொள்ளும். வாயில் வைத்து அடித்துக்கொள்கிற மருந்து எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

அந்த வாரம் முழுக்க மழை. அன்றைக்குத்தான் விட்டிருந்தது. மலைக் கொல்லையில் கிழங்கைக் குவித்துக்கொண்டிருந்தபோது காலுக்குக் கீழே தரை உதறியது. குவியலிலிருந்து கிழங்குகள் தானாக உருண்டன. தூக்குச் சட்டிகள் கடகடவென்று ஆடின. சித்த நேரம்தான், நின்றுவிட்டது. யாருக்கும் அடி இல்லை. எங்கேயோ பாறைக்கு வெடி வைக்கிறார்கள் என்று ஒருத்தர் சொன்னார். லேசான நில நடுக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

"இனிமே இங்க நிக்க வேணாம். ஏறுங்க, ஏறுங்க" என்றார் முருகேசன். பாதி லோடோடு கிளம்பினோம்.

பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவில் முன்னால் போன வண்டிகள் நின்றிருந்தன. இறங்கிப் போய்ப் பார்த்தேன். மழையில் ஊறிக் கிடந்த மண் நடுக்கத்தில் சரிந்து, ரோட்டையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் போயிருந்தது. தார் பிய்ந்து தொங்கியது. அந்தப் பக்கம் ரோடு இருக்கிறதா என்றே தெரியவில்லை. மூடுபனி வந்து மூடிக்கொண்டது. எங்களுக்குப் பின்னால் பால் வண்டி, பைக்குகள், கடைசியில் ஒரு மினி பஸ் என்று வந்து சேர்ந்துவிட்டன. எங்கள் லாரியைத் திருப்ப இடம் இல்லை.

அப்போதுதான் அவருக்கு இளைப்பு ஆரம்பித்தது. மருந்தை எடுத்து அடித்தார். வெறும் காற்றுதான் வந்தது. குலுக்கிவிட்டு மறுபடி அடித்தார். தீர்ந்துபோயிருந்தது.

"பயப்படாத அஞ்சல" என்றார். அதைச் சொல்வதற்குள்ளேயே நடுவில் மூச்சுக்கு நின்றார்.

என் முந்தானையை எடுத்து அவர் நெஞ்சில் சுற்றினேன். கூட வந்த பெண்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காற்றை மறைத்தார்கள். அவர் உதடு நிறம் மாறிக்கொண்டே வந்தது. முருகேசன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கீழ எறங்குனா ஆஸ்பத்திரி கிட்ட. மேல திரும்புனா ஜாஸ்தி தூரம். இன்னா பண்றதுன்னே தெரில அஞ்சல" என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

நான் அந்த உடைந்த ரோட்டின் ஓரத்தில் போய் நின்றேன். எங்கள் தெரு மாரியம்மாளைச் சத்தம் போட்டே கூப்பிட்டேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. "தாயே! எங்க ஊருப் பக்கம் பாத்துக்கினே நிக்கறேன், எறங்க வழி இல்ல. எனக்குன்னு இருக்கறது இவுரு ஒருத்தருதான். இந்த ரோட்ட எப்பிடியாச்சும் சேத்து வுடு. இல்லன்னா நீயே வா!"

அழுதேன். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அழுதேன்.

அப்போது கேட்டது. பம்பைச் சத்தம்.

முதலில் என் காதில்தான் கேட்கிறது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் லாரியில் இருந்தவர்களும் எழுந்து நிற்கிறார்கள். மூடுபனிக்குள்ளிருந்து, மலைச் சரிவின் மேல்பக்கமாக, சத்தம் நெருங்கி நெருங்கி வருகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். ஆத்தா வந்துவிட்டாள் என்றே நம்பினேன்.

பனியைக் கிழித்துக்கொண்டு முதலில் வந்தது ஒரு குத்துவிளக்கு. அதைத் தலையில் வைத்திருந்தவர் காதை மூடிக் குல்லா போட்டிருந்தார். அவருக்குப் பின்னால் பம்பைக்காரர். அப்புறம் பட்டுப்புடவைமேல் ஸ்வெட்டர் போட்ட பெண்கள், தலையில் அண்டாவும் குடமுமாக. ஒருத்தர் தோளில் வாழைத்தார். நடுவில் ஒரு பெண், முகத்தில் மஞ்சள், கழுத்தில் மாலை, கையில் செருப்பு. கல்யாணப் பெண்!

அவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். மேலே மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண் அழைத்துக்கொண்டு போகிறவர்கள். ரோடு உடைந்ததும் வேனை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, ஆடு மேய்க்கிறவர்கள் போகிற ஒற்றையடிப் பாதை தெரிந்தவர் ஒருத்தர் முன்னால் நடக்க, சீர் சாமான்களோடு சுற்றி ஏறி வந்திருக்கிறார்கள்.

"மஞ்சுல ஒருத்தர ஒருத்தரு தெரில. அதான் சத்தத்த வெச்சி ஒண்ணா வரட்டும்னு அடிச்சிக்கினே வந்தேன்" என்றார் பம்பைக்காரர்.

பெண்ணின் அம்மா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாம்மா ஆச்சி? ஏன் இப்பிடி நிக்கற?"

நான் லாரியைக் காட்டினேன். "எங்க வூட்டுக்காரருக்கு மூச்சு கட்டிக்கிச்சிக்கா. கீழ கொண்டும்போவ வண்டி இல்லக்கா."

அந்த அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எங்க வேனு கீழ சும்மாதான நிக்குது! எங்கள எறக்கி வுட்டுட்டு ஊரப் பாத்துத் திருப்பி வெச்சிக்கினு இருக்கான் டிரைவரு. அதுல போங்க. இங்க கடைசியா நிக்கற பஸ்ஸுல நாங்க மேல போயிட்றோம். இதுக்கா அழுவற?"

அந்த அக்கா காலில் விழப் போனேன். "அடச்சீ, எழுந்திரு. மொதல்ல உம் புருசனத் தூக்கு" என்றார்.

சீருக்கு எடுத்து வந்த புது ஜமக்காளத்தைப் பிரித்தார்கள். லேபிள்கூடக் கிழிக்கவில்லை. பெண்ணின் மாமன்மார் நாலு பேர் அதை ஒரு கழியில் தூளிபோல் கட்டி, அவரை அதில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். கல்யாணப் பெண் தன் பிளாஸ்க்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அந்தச் சூடு உள்ளே போனதும் அவர் லேசாகத் தலையை ஆட்டினார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

வழுக்குகிற பாதையில் அவர்கள் வந்த வழியே திரும்பி நடந்தோம். நான் வழி நெடுக அம்மா பெயரைச் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் இறங்கியதும் பார்த்தேன். சாமந்திப் பூ மாலைகள் போட்ட வெள்ளை வேன், எங்கள் ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

டிரைவர் தம்பி வேனைப் பறக்கவிட்டு மலையிறங்கினான். அவசரத்தில் ஸ்பீக்கரை நிறுத்த மறந்துவிட்டான். வழி முழுக்க நாதஸ்வரம். ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோதும் கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் அம்மா ஓடி வந்து, "இன்னாங்க இது, மாப்பிள்ளைக்கா ஒடம்பு சரியில்ல?" என்றார்கள்.

"மாப்பிள்ளதாங்க, முப்பது வருசத்துக்கு முன்னாடி" என்று சொல்லிவிட்டேன். அந்த நிலைமையில் எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. அவர் தலையெல்லாம் சாமந்தி இதழ் உதிர்ந்து கிடந்தது.

உடனே மூக்கில் மூடி மாட்டி மருந்துப் புகை வைத்தார்கள். ஊசி போட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் வந்தது. நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "மேளம் ஏன் நிறுத்திட்டாங்க?"

நான் சிரித்தேன். அப்புறம் சுவரில் சாய்ந்து அழுதேன். இந்தத் தடவை அது வேறு அழுகை.

மேலே நடந்ததைப் பிறகு முருகேசன் வந்து சொன்னார். கடைசியில் நின்ற மினி பஸ் திரும்பி, கல்யாணக்காரர்களை மாப்பிள்ளை வீட்டில் கொண்டுபோய் விட்டதாம். முகூர்த்தம் தவறவில்லை. எங்களைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே மாறிக்கொண்டார்களாம். முன்னே பின்னே தெரியாத இரண்டு பேர் பைக் சாவியை மாற்றிக்கொண்டு, போன் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒருத்தர் மேலேயும் ஒருத்தர் கீழேயும் போனார்களாம். ஜே.சி.பி. வந்து ரோட்டைச் சரிசெய்கிற வரைக்கும் முருகேசனுக்குக் கல்யாண வீட்டில்தான் சாப்பாடு. "பாயசம் குடிச்சிக் குடிச்சி வயிறே ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்று எங்களிடமே வந்து குறைப்பட்டுக்கொண்டார்!

என் தாயின் பிள்ளைகளே, நான் ரோட்டைச் சேர்த்து விடு என்றுதான் கேட்டேன். அவள் ரோட்டைச் சேர்க்கவில்லை. அந்தப் பக்கத்து மனிதர்களை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தாள். நான் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்கள் அந்தச் சரிவில் ஏறத் தொடங்கியிருப்பார்கள்.

கோயில் என்றால் வெளியிலேயே நின்று பீடி பிடிக்கிறவர் என் வீட்டுக்காரர். பீடியை விட்டார். இந்த ஆடியில் கூழ் ஊற்ற அவரே முன்னால் நின்றார். ரோட்டில் எந்த வண்டி நின்றிருந்தாலும் சைக்கிளை நிறுத்தி, "இன்னாங்க, ஒதவி வேணுமா?" என்று கேட்காமல் வருவதில்லை. அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் போன மாதம் வளைகாப்பு நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் போய் வளையல் போட்டுவிட்டு வந்தோம்.

உங்களில் யாருக்காவது இன்றைக்கு முன்னாலும் போக முடியாமல், பின்னாலும் திரும்ப முடியாமல் இருக்கலாம். வாய் விட்டுக் கூப்பிடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறார்களே என்று கூச்சப்படாதீர்கள். அவள் எந்த வழியாக வர வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அது அவளுக்குத் தெரியும்.