சம்மன் அக்கா கேட்ட மூன்று கேள்விகள்

நடுவர் மன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் அவள் பத்தொன்பது வருடம் இருந்தாள். அவளுடைய ஸ்கூட்டர் தெருவில் திரும்பினாலே பாதிக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். ஊருக்கே அவள் சம்மன் அக்கா. தையல்காரரான கணவர் மட்டும், "இன்னைக்கு யார் வயித்துல புளியைக் கரைச்சுட்டு வந்தே?" என்று மெஷினை விட்டு எழாமலே கேட்பார்.

வேலையின் விதி சுலபம். காகிதத்தைக் கொடு, கையெழுத்து வாங்கு, திரும்பி வா. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கம் சொல்லக்கூடாது. அவளும் சொன்னதில்லை.

ரொட்டிக்கடைக்காரியைப் பிடித்துக்கொண்டு போன காலையில்தான் அந்த விதி அவளைச் சுட்டது. ரொட்டி அடுக்கை நடைபாதையில் வைத்ததாக ஒரு சின்ன வழக்கு. சம்மன் போயும் ஆள் வரவில்லை. பிடியாணை பிறந்தது. காலைக் கூட்டத்துக்கு நடுவே, கையில் மாவோடு, இரண்டு காவலர்கள் அவளை அழைத்துப் போனார்கள். சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பார்த்தாயிற்று.

மறுநாள் ரொட்டி வாங்கப் போனபோது கடைக்காரி முகம் கொடுக்கவில்லை. பிறகு தாங்காமல் கேட்டுவிட்டாள்:

"நீங்கதானேக்கா கொண்டாந்து குடுத்தீங்க? 'எதிரியாகிய தாங்கள்'னு போட்டிருந்துச்சு. நான் யாருக்குக்கா எதிரி? வேற யாருக்கோ வந்ததுன்னு நினைச்சு டிராயர்ல போட்டுட்டேன். 'போகலைன்னா பிடிப்பாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய் வலிச்சிருக்குமா?"

சம்மன் அக்கா நேராக மன்றத்துக்குப் போய், பதிவறையில் நின்றபடியே ஒரு சம்மனை முதல் தடவையாக முழுதாகப் படித்தாள். ஒரே வாக்கியம், பதினோரு வரி. மூன்று முறை படித்தும் நடுவில் வழி தவறினாள். இதையா இத்தனை வருடம் வீடுவீடாகக் கொடுத்தோம்!

அந்த மாதமே ஒரு சுற்றறிக்கை வந்தது. நடுவர் மன்றங்களைச் சீர்திருத்த அரசு குழு அமைத்திருக்கிறது. ஊழியர்களும் கருத்துச் சொல்லலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். அவள் பெயரைக் கொடுத்தாள்.

"பெரிய பெரிய வக்கீலெல்லாம் பேசுற இடம். நீ போய் என்னம்மா பேசப்போறே?" என்றார் தலைமை எழுத்தர்.

அந்த மன்றத்தின் நடுவர் அம்மா கேட்டுக்கொண்டே தன் அறையிலிருந்து வெளியே வந்தார். "போகட்டும் சார். வாரத்துல பாதி நாள் நான் காலி நாற்காலிக்குத்தான் தீர்ப்பு சொல்றேன். ஏன் ஆள் வரலைன்னு இவங்களுக்குத்தான் தெரியும்."

குழு கூடிய அரங்கில் பேசியவர்கள் புதிய கட்டடம் கேட்டார்கள், கூடுதல் நடுவர்கள் கேட்டார்கள். அவள் முறை வந்தபோது மேடைக்குப் போய், குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சம்மனைக் கொடுத்தாள்.

"ஒரு தடவை படிங்கய்யா. படிச்சுட்டுக் கவுத்து வைங்க."

படித்தார்கள். கவிழ்த்தார்கள்.

"இப்ப மூணே கேள்வி. நீங்க எங்க போகணும்? என்னைக்குப் போகணும்? போகலைன்னா என்ன ஆகும்?"

ஒருவர் தேதியை மாற்றிச் சொன்னார். இன்னொருவர், "மேல்நடவடிக்கை…" என்று இழுத்தார். குழுத் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நாற்பது வருஷம் இதுல கையெழுத்துப் போட்டிருக்கேன்மா. எனக்கே தெரியலை."

அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. பின்வரிசையில் யாரோ கைதட்ட, அது பற்றிக்கொண்டது. தலைவர் அங்கேயே சொன்னார்: "கட்டடம் கட்ட வருஷக்கணக்காகும். காகிதத்தை மாத்த எத்தனை நாளாகும்? நீங்களே எழுதிக் கொண்டாங்க. முதல்ல உங்க மன்றத்துலயே பார்ப்போம்."

அன்றிலிருந்து வீடு அமளிப்பட்டது. அவள் எழுதுவாள், நடுவர் அம்மா சட்டம் பிசகாமல் திருத்துவார், கணவர் படிப்பார். "'தோன்றவும்'னு போட்டிருக்கே. நான் என்ன புகைக்குள்ளேருந்து தோன்றணுமா?" 'வர வேண்டும்' என்று மாற்றினாள். ஏழாவது தடவை எழுதிய தாளை ரொட்டிக்கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு உரக்கப் படித்தாள்: "உங்கள் மேல் ஒரு வழக்கு இருக்கிறது. திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் மன்றத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் காவலர் உங்களைக் கைது செய்யலாம்." நிமிர்ந்து பார்த்தாள். "இதை அன்னைக்கே குடுத்திருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!" முகம் கோணினாலும் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தாள்.

குழு அந்தத் தாளை ஏற்றது. கொடுப்பவர் விளக்கியும் சொல்லலாம் என்று விதியையும் தளர்த்தியது. இரண்டு வாரம் சம்மன் அக்கா ஒவ்வொரு வாசலிலும் தொண்டை வறளப் பேசினாள்.

முதல் திங்கட்கிழமை ஒன்பதரைக்கே மன்றம் நிரம்பிவிட்டது. ஐம்பது பேருக்குச் சம்மன். நாற்பத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். பெஞ்சு போதாமல் படிக்கட்டிலும் உட்கார்ந்தார்கள். தலைமை எழுத்தர், "இவ்வளவு பேரை எங்கம்மா உட்கார வைக்கிறது?" என்று தலையில் கை வைத்தார். குரல் மட்டும் குழைந்திருந்தது. நடுவர் அம்மா இருக்கையில் அமர்ந்து கூட்டத்தை ஒரு முறை பார்த்தார்; சிரிப்பை அடக்க வழக்குக் கோப்பைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மாநிலம் முழுக்க அந்தத் தாள்தான். புதிதாக வரும் நடுவர்களுக்குப் பயிற்சியில் ஒரு மணி நேரம் அவளுக்கு ஒதுக்கினார்கள். முதல் நாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது கணவர் அவளுடைய புதுச் சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டார். "நடுவர்களுக்கே வகுப்பெடுக்கப் போறே. பயமா இல்லையா?"

"எனக்கெதுக்குப் பயம்? படிக்கப்போறது அவங்கதானே!" என்று ஸ்கூட்டரை உதைத்தாள்.