விழிதியூரின் மூக்கு

விழிதியூரில் எந்த வீட்டு விசேஷமானாலும் முதல் மரியாதை திருஞானசம்பந்தத்தின் மூக்குக்குத்தான். மற்றபடி அவர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். அங்கே அவர் வந்தாரா போனாரா என்று கேட்பாரில்லை. ஊருக்குள் மட்டும் அவர் ‘மூக்கையா’.

பட்டம் சும்மா வரவில்லை. பிள்ளையாருக்கு முதல் இலை படைக்கும்வரை சமையலை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. அப்படியென்றால் உப்பு யார் பார்ப்பது? சம்பந்தம் பார்ப்பார், மூக்கால். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாம்பார் அண்டாவுக்கு எதிரே கண்ணை மூடி நிற்பார். முகர்ந்து பார்ப்பதும் தோஷம்தானே என்று குருக்கள் ஒருமுறை கேட்டதற்கு, “நான் எங்க சாமி முகர்ந்தேன்? ஆவி தானா வருது. அதுக்காக மூச்சு விடாம சாவவா முடியும்?” என்று வாயை அடைத்துவிட்டார். பிறகு தீர்ப்பு வரும்: “ஒரு கை உப்பு போடு.” சமையல்காரர் தங்கையன் போடுவார். உப்பு கச்சிதமாக இருக்கும். இல்லாமல் எப்படிப் போகும்? மூக்கையா வருகிறார் என்றால் தங்கையன் எப்போதும் ஒரு கை குறைத்துத்தான் போட்டு வைப்பார். பெரிய மனுஷனுக்கும் ஒரு வேலை வேண்டுமே.

போன மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. சளி போகிறபோது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. காபி வெறும் கசப்பு வெந்நீராக இருந்தது. மிளகு ரசம் புளிப்பாகவும் எரிச்சலாகவும் இறங்கியதே தவிர ரசமாக இறங்கவில்லை. “ஏ வல்லி, பெருங்காயம் போடலையா?” என்று மனைவி பங்கஜவல்லியிடம் எரிந்து விழுந்தார். அவள் பெருங்காய டப்பாவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மூடியைத் திறக்காமல் நீட்டுகிறாள் என்று நினைத்தார். குனிந்து பார்த்தால் மூடி அவள் இன்னொரு கையில் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

காரைக்காலில் டாக்டர் நஜீபா அவரைக் கண்ணை மூடச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

“ரெண்டும் ஒண்ணுதாங்க. இனிப்பா, கொஞ்சம் புளிப்பா இருக்கு” என்றார் சம்பந்தம்.

“ஒண்ணு ஆரஞ்சு, ஒண்ணு மாம்பழம். நாக்குக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் கறியிலயும் காளான்லயும் வர்ற ஒரு சுவை, அவ்வளவுதாங்க தெரியும். உறைப்புகூட சுவை இல்ல, எரிச்சல். மத்ததெல்லாம் மூக்கோட வேலை. மெல்லும்போது வாசனை தொண்டைக்குப் பின்னால ஏறி மூக்குக்குப் போவுது. நாம பேரை மட்டும் நாக்குக்குக் குடுத்துடறோம்.”

“அப்ப உப்பு வாசனை?”

“உப்புக்கு ஏதுங்க வாசனை?”

அந்தம்மாவின் படிப்பின்மேல் சம்பந்தத்துக்கு இருந்த மரியாதை அங்கேயே போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம், பொறுமையாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

வெளியே சொன்னால் என்ன மிச்சம்? மூக்கில்லாத மூக்கையாவை எவன் முதல் பந்தியில் உட்காரவைப்பான்? மூச்சு விடவில்லை. தை பிறந்ததும் வரிசையாகக் கல்யாணங்கள். கண்ணை மூடினார், “ஒரு கை” என்றார், உப்பு கச்சிதமாக இருந்தது. உப்புக்கு வாசனை இல்லை என்று டாக்டர் சொன்னது உண்மையோ என்று ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. அதைத் துரத்திவிட்டார்.

மாசியில் ஒரு காதுகுத்தில்தான் வினை. தங்கையன் போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்ததில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த நாற்றம் தெருமுனை வரை போயிற்று. தங்கையன் அவசரமாக அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினார். சம்பந்தம் வந்தார், கண்ணை மூடினார், ஆழமாக இழுத்தார்.

“பிரமாதம். ஒரு கை உப்பு போடு.”

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள் மெல்லக் கையை எடுத்தார்கள். மூக்கையாவே சொல்லிவிட்டார் என்றால் கோளாறு தங்கள் மூக்கில்தான். “வெறகடுப்பு மணம்ங்க இது” என்றார் ஒருவர். “இந்தப் பக்குவத்துல இப்ப எவன் செய்யுறான்?” என்றார் இன்னொருவர். சொல்லிவிட்டு அவசரமாக மோர் வாங்கிக் குடித்தார். பங்குனிக்குள் அடிப்பிடித்த சாம்பாருக்கு ‘மூக்கையா பக்குவம்’ என்று பெயரே வந்துவிட்டது. சுரக்குடியிலிருந்தெல்லாம் தங்கையனைத் தேடி வந்தார்கள்.

வைகாசியில் சம்பந்தத்தின் மகள் சிவப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கும்பகோணம் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று கேசரியில் முந்திரி வறுபட்ட பதத்தைப் பற்றியே பேசித் தீர்த்தவர் சம்பந்தி. பந்தி சறுக்கினால் ஆயுசுக்கும் பேச்சு கேட்கப்போவது சிவப்ரியாதான். அந்தக் கவலையே சம்பந்தத்தை அரித்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாகச் சோப்பு வாசனை வருவதும் போவதுமாக இருந்தது. கல்யாணத்தன்று காலை மகள் காலில் விழுந்து எழுந்தபோது, அவள் தலையிலிருந்த மல்லிகை குப்பென்று மூக்கில் ஏறியது. சம்பந்தம் அழுதுவிட்டார். இத்தனை மாதம் வெறும் உப்பையும் புளியையும் தின்று கிடந்த மனுஷன், பாவம், அழாமல் என்ன செய்வார்?

அந்தச் சந்தோஷத்தோடு சமையல்கட்டுக்குப் போனவர் தீய்ந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“நம்ம வீட்டுக் கல்யாணம்ங்கய்யா. நீங்க சொல்லாமலே எல்லா அண்டாவும் உங்க பக்குவத்துல எறக்கிட்டேன்” என்றார் தங்கையன், நெஞ்சை நிமிர்த்தி.

“தீஞ்சு போச்சுய்யா! கொட்டு! வேற வையி!”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சத்தியமா சொல்றேன். மார்கழியிலேயே எனக்கு மூக்கு போயிடுச்சு. அன்னிக்கு நான் சொன்னது தப்பு. இப்பதான் வந்திருக்கு.”

சிரிப்பு நின்றது. தங்கையன் அவர் தோளைப் பரிவாகப் பிடித்துக்கொண்டார். “பொண்ணு கல்யாண அலைச்சல். அய்யாவுக்கு இன்னிக்குத்தான் மூக்கு சரியில்ல. போயி உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்.”

முதல் பந்தியில் சம்பந்தி ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். “சாம்பார் அடிப்பிடிச்ச மாதிரி இருக்கே?”

“மூக்கையா பக்குவம்ங்க!” என்றது பந்தி முழுவதும் ஒரே குரலில்.

சம்பந்தி சுற்றுமுற்றும் பார்த்தார். ருசி தெரியாதவன் என்று பேர் வாங்க அவருக்கு மனமில்லை. “அதானே பாத்தேன்” என்று இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த மருமகளிடம் திரும்பினார்.

“இனிமே நம்ம வீட்லயும் தினம் இப்படித்தாம்மா வைக்கணும்.”

“சரிங்க மாமா” என்றாள் சிவப்ரியா, அப்பாவை முறைத்தபடி.